பூஜையில் வைத்த சம்மட்டி

என் கணவர் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்களுக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு. ஆயுத பூஜை அன்று. குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு சர்வர் அறைக்குள் போவார். கதவைச் சாத்திக்கொண்டு எதையோ டைப் செய்வார். பிறகு வெளியே வந்து, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருகிற டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "எல்லாம் நிறுத்தியாச்சு" என்று அறிவிப்பார். அதற்குப் பிறகுதான் பூஜை செய்ய வருகிற பந்துலு உள்ளே போய்ப் பெட்டிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்பது எங்கள் ஃபாக்டரியில் எழுதாத சட்டம்.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்கிறோம். ஹைதராபாத் மல்லாபூரில், ராணுவத் தளவாடங்களுக்குச் சின்னச் சின்ன உலோகப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஃபாக்டரி. நான் குவாலிட்டியில் இருக்கிறேன். வருகிற பாகத்தை அளந்து பார்த்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவது என் வேலை. வீட்டிலும் அதையேதான் செய்கிறேன் என்று இவர் சொல்லுவார். இவருக்கு அங்கே கம்ப்யூட்டர் பொறுப்பு. காலையில் போலாரத்திலிருந்து ஒரே ஸ்கூட்டரில் கிளம்புவோம். பாதி வழி வரை ஏதாவது ஒரு சண்டை ஓடும், அப்புறம் டிராஃபிக் சத்தத்தில் இருவருக்கும் காது கேட்காமல் போய்ச் சமாதானமாகிவிடும்.

முதலாளி, பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பத்துக்காரர். அவர் பேசுகிற தமிழில் பாதி ஹைதராபாத் ஹிந்தி. ஆனாலும் பூஜை மட்டும் தமிழ்நாட்டு முறைப்படி நவமி அன்றைக்கே நடந்தாக வேண்டும். சுற்றியிருக்கிற மற்ற ஃபாக்டரிகளில் பெரும்பாலும் தசரா அன்றுதான் செய்வார்கள். அதனால் எங்கள் ஆட்களுக்கு இரண்டு நாளும் கொண்டாட்டம். முதலாளியின் கட்டளை இன்னொன்றும் உண்டு. நவமியன்று அம்மன் படத்துக்கு முன்னால் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமி பூஜை முடிந்து எடுக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. ஸ்பேனர், அரம், உளி, சம்மட்டி, என்னுடைய அளவுக் கருவிகள் எல்லாமே சிவப்புத் துணி விரித்த மேஜையில் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு ஆணி தூக்கிக்கொண்டு நின்றால்கூட அன்றைக்கு யாரும் அடிக்க மாட்டார்கள். செருப்பில் குத்தினால் சுற்றிக்கொண்டு போவார்கள்.

இனி இவருடைய கம்ப்யூட்டர் சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அதைப் படித்தவள் இல்லை. ரசம் சாதம் சாப்பிடும்போது இவர் சொல்லிச் சொல்லிக் காதில் விழுந்ததுதான். பெரிய கம்ப்யூட்டர் ஒன்று. அதற்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதாகப் பாவனை. ஒன்று கணக்குப் பிரிவுக்கு, ஒன்று வரைபடங்களுக்கு, ஒன்று என் குவாலிட்டி ரிப்போர்ட்டுகளுக்கு. இந்தப் பாவனையை நடத்தி வைக்கிற மேனேஜர் மாதிரி ஒரு சர்வீஸ். உள்ளேயிருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, அதுவும் பாவனையாகவே, ஒரு நெட்வொர்க். அந்த நெட்வொர்க்குக்கு நடுவில் ஒரு பாலம். கண்ணுக்குத் தெரியாத கம்பிகள், கண்ணுக்குத் தெரியாத பாலம். "இல்லாத ஊருக்கு இல்லாத ரோடா?" என்று நான் கேட்டதற்கு இவர் இரண்டு நாள் எனக்கு எதையும் விளக்காமல் இருந்தார். நிம்மதியாக இருந்தது.

வருடா வருடம் பூஜையன்று இவர் நிறுத்தியது அந்த மேனேஜர் சர்வீஸைத்தான். அதை நிறுத்தினால் எல்லாம் தூங்கிவிடும் என்று முழு மனதோடு நம்பியிருந்தார். பூஜை நாளில் யாரும் கம்ப்யூட்டரைத் தொடப் போவதில்லை என்பதால், தூங்கியதா இல்லையா என்று யாரும் பார்க்கவும் இல்லை.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தது மாதாப்பூரிலிருந்து காண்ட்ராக்டில் வந்த ஒரு இன்ஜினியர் பெண். பழைய சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுக்க வந்தவள். தமிழ்ப் பெண்தான், ஆனால் இங்கேயே பிறந்து படித்தவள். நாம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். மதியம் சாப்பிடும்போது இவர் தன்னுடைய பூஜை முறையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த சப்பாத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சார், சர்வீஸ் ஆப்பேஸ்தே லோப்பல ஏமீ ஆகது."

சர்வீஸை நிறுத்தினால் உள்ளே ஒன்றுமே நிற்காதாம். மேனேஜர் வீட்டுக்குப் போய்விட்டார் என்பதற்காக மெஷின்கள் நிற்குமா? வேண்டுமென்றே அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்களாம். மேனேஜரைப் பழுது பார்க்கும்போது வேலை செய்கிறவர்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்று. உள்ளேயிருக்கும் கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கும், பாலம் இருக்கும், நெட்வொர்க் இருக்கும். போக வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் தனியாகத் துடைத்து எடுக்க வேண்டும்.

இவர் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "அப்போ இத்தனை வருஷமா முழிச்சிட்டிருந்ததுக்கா பொட்டு வெச்சோம்?" என்றார்.

"அம்மனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவங்களே அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டிருப்பாங்க" என்றேன்.

இவர் சிரிக்கவில்லை. இப்படி ஒரு மனுஷன். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்தால் இறங்கின பிறகும் ஓடிப் போய் வாங்குகிற ஜாதி. அம்மனை ஏமாற்றிவிட்டோம் என்பது இவருக்குள் நன்றாக இறங்கிவிட்டது. அந்தப் பெண்ணை உட்கார வைத்து எப்படித் துடைப்பது என்று முழுக்கக் கற்றுக்கொண்டார். "இந்த வருஷம் பாரு. உள்ள இருக்கிற ஒவ்வொரு மெஷினையும் அணைப்பேன். சர்வீஸை நிறுத்துவேன். நெட்வொர்க், பாலம், எல்லாத்தையும் சுத்தமா துடைச்சுட்டுத்தான் பந்துலுவை உள்ள விடுவேன்" என்று எனக்குச் சொன்னார். வீட்டில் ஒரு நாள் ஒட்டடை அடித்துத் தந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. பின்னால்தான் எங்களுக்குத் தெரிய வந்தது, ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபாக்டரியில் முக்கியமான அறைகளுக்குக் கார்டு காட்டினால் திறக்கிற கதவு. ராணுவ வேலை என்பதால் உள்ளே போகவும் கார்டு, வெளியே வரவும் கார்டு. அந்தக் கதவுகளை ஆட்டி வைக்கிற புரோகிராம் அந்தப் பெரிய கம்ப்யூட்டரிலேயே ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. பாவனைக் கம்ப்யூட்டர் எதற்குள்ளும் இல்லை, அதனால் இவர் அணைக்க வேண்டியவற்றில் அது வரவில்லை. ஆனால் எப்போதோ கதவு மாட்ட வந்த யாரோ ஒரு புண்ணியவான், கதவுகளிலிருந்து வந்த கம்பியை அந்தப் பாவனைப் பாலத்தின் ஓரத்திலேயே கட்டிவிட்டுப் போயிருந்தான். பாலம் போனால் கதவு ஊமை. ஊமையான கதவு, பாதுகாப்புக்காக, பூட்டியே இருக்கும். ஒவ்வொரு வருடமும் இவர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாக நினைத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது, எதுவுமே நிற்காததால்தான்.

பூஜையன்று காலை வீட்டில் இவருக்கு நான் எப்போதும் போல இன்சுலின் ஊசி போட்டேன். ஊசி போட்டால் சாப்பிட்டாக வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை இறங்கிவிடும். இது எங்கள் வீட்டில் சுவருக்கும் தெரியும். அன்றைக்கு இவர், "பூஜை சீக்கிரமே முடிஞ்சிடும், படைச்சுட்டுச் சாப்பிடறேன்" என்றார். நான் சண்டை போட்டேன். இட்லியை டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தேன். போலாரத்திலிருந்து மல்லாபூர் வரைக்கும் இட்லிச் சண்டைதான். வழக்கமாகப் பாதி வழியில் நிற்பது, அன்றைக்கு ஃபாக்டரி கேட் வரைக்கும் நின்றபாடில்லை.

கேட்டிலே எங்கள் கைப்பை, போன் எல்லாம் வாங்கிச் செக்யூரிட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். இது தினமும் நடப்பது. என் கைப்பையில் இருக்கிற குளுக்கோஸ் பாக்கெட்டும் அதோடு உள்ளே போயிற்று. இட்லி டப்பாவை இவர் ஸ்கூட்டர் டிக்கியிலேயே விட்டுவிட்டார்.

பந்துலு வரவில்லை. அன்றைக்கு அந்த வட்டாரத்தில் அவருக்கு வேறு இடங்களும் இருந்தன. இதோ நாச்சாரம் தாண்டிவிட்டார், இதோ வந்துவிட்டார் என்று செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. ஷெட்டில் தோரணம் கட்டி முடித்தாயிற்று. சர்க்கரைப் பொங்கல் அண்டாவில் வாழையிலை மூடித் தயாராக இருந்தது. பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவியாயிற்று. மேளக்காரர்கள் சும்மா இருக்க முடியாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இவர் என்னிடம் வந்து, "அவர் வர்றதுக்குள்ள நான் போய் எல்லாத்தையும் துடைச்சு வெச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுச் சர்வர் அறைப் பக்கம் போனார். நான் கோபத்தில் முகம் கொடுத்துப் பேசவில்லை. பூத்தட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பந்துலு வந்து சேர்வதற்கு முன்னால் இவரைச் சாப்பிடச் சொல்லி இன்னொரு தடவை சண்டை போடலாம் என்றுதான் நான் அந்தப் பக்கம் போனேன்.

சர்வர் அறைக்கு முழுக் கண்ணாடிக் கதவு. உள்ளே விளக்கு எரிந்தது. இவர் ஒரு பெட்டிக்கு முன்னால் நின்று விரலால் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். அது பந்துலுவின் வேலை. இவர் ஒரு நாளும் செய்ததில்லை. அதுவும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். பெட்டியில் பொட்டு அப்பளம் அகலத்துக்குப் பெரிதாகியிருந்தது.

என் கார்டைக் காட்டினேன். சிவப்பு விளக்குகூட வரவில்லை. திரும்பக் காட்டினேன். கதவைத் தள்ளினேன். அசையவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். இவர் திரும்பிப் பார்த்தார். அந்த அறையில் ஸ்வெட்டர் இல்லாமல் என்னால் நிற்க முடியாது, அவ்வளவு ஏசி. இவர் சட்டை நனைந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து கண் வரைக்கும் வழிந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது.

"கதவைத் திறங்க! உங்க கார்டைக் காட்டுங்க!" என்று கத்தினேன்.

இவர் கதவுக்கு அருகில் வந்தார். என் முகத்துக்கு நேராக, ஒரு ஜாண் தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பி, மரியாதையாகத் தலையைக் கொஞ்சம் சாய்த்து, சொன்னார்:

"கொஞ்செம் பயட்ட உண்டண்டி மேடம். பூஜ அவுதோந்தி."

கொஞ்சம் வெளியே இருங்கள் மேடம், பூஜை நடக்கிறது. வெளி ஆட்களிடம் பேசுகிற தெலுங்கு. பேங்க்கிலிருந்தோ ஆடிட்டிலிருந்தோ வந்த பெண்ணிடம் பேசுகிற குரல். என்னோடு இவர் ஒரு நாளும் தமிழைத் தவிர வேறு பாஷை பேசியதில்லை. என் மகள் பிறந்தபோதும், என் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றும், நேற்று ராத்திரி தயிர் புளித்துவிட்டது என்று சண்டை போட்டபோதும் தமிழில்தான் பேசினார். இப்போது என் கண்ணைப் பார்த்து மேடம் என்கிறார். கண்ணில் என்னைப் பற்றி ஒன்றுமே இல்லை. நான் யார் என்று இவருக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. கொஞ்ச நேரம்தான் இருக்கும். எனக்குக் கை கால் ஓடவில்லை. பிறகு நான் போட்ட கூச்சலில் மேளம் நின்றது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். முதலாளி வந்து தன் கார்டைக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. யாரோ மெயினை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தார்கள். மேளக்காரர் பக்கம் விளக்குகள் போயின. கதவுப் பூட்டுக்கும் சர்வர் அறைக்கும் தனி பேட்டரி, அது பாட்டுக்கு எரிந்தது. செக்யூரிட்டிக்காரர் அலமாரியிலிருந்து என் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அந்த மாதாப்பூர்ப் பெண்ணைக் கூப்பிட்டேன். நெட்வொர்க்கைத் துடைத்துவிட்டார், கதவு திறக்கவில்லை, நீ அங்கேயிருந்து ஏதாவது செய் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். ஒரு நிமிஷம் ஏதோ தட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"லோப்பல நுஞ்சே செய்யாலி ஆண்ட்டி. பயட்ட நுஞ்சி தாரி லேது."

உள்ளேயிருந்துதான் செய்ய வேண்டும். வெளியிலிருந்து உள்ளே போகிற வழியும் அந்தப் பாலத்தின் மேலேதான் போயிற்று. இவர்தான் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டாரே. உள்ளே ஒரு பச்சைப் பெட்டி இருக்குமே, அவசரத்துக்கு உடைக்கிற பெட்டி, சாரை உடைக்கச் சொல்லுங்கள் என்றாள்.

பச்சைப் பெட்டி! கதவுக்குப் பக்கத்தில், உள்பக்கச் சுவரில். நான் எட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் வாழைக்கன்று நின்றது. வெளியே கட்டினால் டிராலி இடிக்கிறது என்று இந்த வருடம் அறைக்கு உள்பக்கம் கட்டியிருந்தார்கள். அகலமான இலை ஒன்று பெட்டியை முழுக்க மூடியிருந்தது. "அதுக்குப் பின்னால! வாழைக்குப் பின்னால!" என்று நான் கண்ணாடியைக் குத்திக் குத்திக் காட்டினேன். இவர் என் விரல் போன திசையில் பார்த்தார். வாழைக்கன்றிடம் போனார். மடங்கியிருந்த இலையை மெதுவாக நீவி நேராக்கினார். சரியாக இருக்கிறதா என்பது போல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. முதலாளி என் தோளைத் தட்டி, "கைக்கும்மா, எதுக்கும்மா இவ்ளோ டென்ஷன்? அவர் நல்லாத்தானே நிக்கிறார், சிரிக்கிறார் பாரு. பூட்டுக்காரனுக்குப் போன் போட்டாச்சு, வந்துட்டிருக்கான்" என்றார்.

"சிரிக்கலைங்க! அவருக்குச் சுகர் இறங்குது! இன்னும் கொஞ்ச நேரத்துல விழுந்துடுவார்!"

"ஹவ் ஹவ், ஆமாம்மா, புரியுது."

"கண்ணாடியை உடைங்க."

யாரும் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஃபாக்டரியில் இரும்பை உடைக்கிற கருவி இருக்கிறது, வளைக்கிற கருவி இருக்கிறது, அறுக்கிற கருவி இருக்கிறது. அத்தனையும் சிவப்புத் துணி மேல் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஃபிட்டர் ஒருவர் நாற்காலியால் கண்ணாடியில் அடித்தார். நாற்காலிக் கால் வளைந்தது. இன்னொருவர் தீயணைக்கிற சிலிண்டரைத் தேடி ஓடினார், அதையும் துடைத்துப் பொட்டு வைத்து மேஜைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். அவர் அதற்கு முன்னால் போய் நின்று முதலாளியின் முகத்தைப் பார்த்தார். நல்லவர்கள்தான் எல்லோரும். என் கணவரோடு தினமும் டீ குடிக்கிறவர்கள். ஒருவர் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. ஆனால் கை மட்டும் போகவில்லை.

நான் மேஜைக்கு ஓடினேன். எந்தக் கருவி எதற்கு என்றெல்லாம் யோசிக்கவில்லை, எல்லாவற்றிலும் பெரியது எது என்று பார்த்தேன். சம்மட்டி. அதன் தலையில் சந்தனம், பிடியில் சாமந்திச் சரம்.

"நக்கோ நக்கோ, வேணாம்! சாமிக்கு வெச்சதும்மா!" என்று முதலாளி கத்தினார்.

இன்றைக்கும் அந்தக் குரலை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்போது நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. "உங்க சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், வழி விடுங்க" என்று சொன்னதாக மற்றவர்கள் சொல்கிறார்கள். சொல்லியிருப்பேன்.

தூக்கின பிறகுதான் கனம் தெரிந்தது. முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை, தோள்பட்டை வரைக்கும் எனக்குத்தான் வலித்தது. உள்ளே இவர் சத்தம் கேட்டு இரண்டடி பின்னால் போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். தலை தொங்கியது. நான் அடுத்த அடியை எங்கே அடித்தேன், எப்படி அடித்தேன் என்று தெரியாது. கதவு முழுவதும் கல்கண்டு மூட்டை அவிழ்ந்த மாதிரி பொலபொலவென்று தரையில் கொட்டியது. சாமந்திப் பூவும் அதோடு சிதறிக் கிடந்தது.

நான் செருப்பில்லாமல் இருந்தேன். அது அப்போது தெரியவில்லை. இவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். உடம்பு ஈரச் சாக்கு மாதிரி இருந்தது. "சர்க்கரை, சர்க்கரை கொண்டாங்க" என்று கத்தினேன். பஞ்சாமிர்தத்துக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். பாதியில் தயங்கி நின்றாள். படைக்காத சர்க்கரை. அப்போது வாசலில் பந்துலு, ஒரு கையில் பஞ்சாங்கப் பையும் இன்னொரு கையில் ஸ்கூட்டர் சாவியுமாக, மூச்சு வாங்க வந்து நின்றார். கண்ணாடித் துண்டுகளையும் என் மடியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"முந்து ஆயனகி பெட்டண்டம்மா" என்றார். முதலில் அவருக்குக் கொடுங்கள்.

வாயில் ஊற்றினேன். நல்லவேளை, விழுங்குகிற நினைவு இருந்தது. கன்னத்தில் வழிந்தது, விழுங்கினார், மறுபடி வழிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கண் ஒரு இடத்தில் நிற்க ஆரம்பித்தது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி, வெறும் சட்டமாக நின்ற கதவைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"கண்ணாடியை யாரும்மா உடைச்சது?" என்று கேட்டார். தமிழில்.

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அழுதுகொண்டே சிரித்தவர்களும் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவரை அப்படியே கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் போலக் கோபம் வந்தது. ஆனால் பாதத்தில் கண்ணாடி குத்தியிருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனோம், வந்தோம். இவருக்கு டிரிப்ஸ், எனக்குப் பாதத்தில் தையல். மறுநாள் முதலாளி வீட்டுக்கே வந்தார், கையில் பழத்தோடு. காபியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். "அந்த நேரத்துல மூளையே ஓடலம்மா" என்றார் கடைசியில். எனக்கும் முதலில் கை கால் ஓடவில்லைதானே, அவரை என்ன சொல்வது.

இப்போதெல்லாம் பூஜையன்று சர்வர் அறையில் எதையும் நிறுத்துவதில்லை. ஓடுகிற பெட்டிக்கே பொட்டு. கதவுக் கம்பியைத் தனியாகப் பிரித்து வேறு வழியில் கொண்டுபோய்விட்டார்கள். அந்த அறைக்கு வெளியே சுவரில் ஒரு சம்மட்டி மாட்டியிருக்கிறது, அதற்கு வருடா வருடம் அங்கேயே பொட்டு வைக்கிறார்கள், மேஜைக்குக் கொண்டுபோவதில்லை. இவரிடம் கேட்டால், "நான் துடைச்சது தப்பே இல்லை. சுத்தமாத்தான் துடைச்சேன். கதவை அதுல கொண்டுபோய்க் கட்டினவன் தப்பு" என்பார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னைச் சம்மட்டிக்காரி என்று அறிமுகம் செய்து கதையை முழுக்கச் சொல்லிக் காட்டுவார். பொட்டு அப்பளம் அளவுக்கு ஆனது, வாழை இலையை நீவியது, முதலாளியின் நக்கோ நக்கோ, எல்லாவற்றையும் மற்றவர்கள் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்டு நடித்தே காட்டுவார். இவருக்கு அன்றைக்கு நடந்ததில் ஒன்றுமே நினைவில்லை. மேடம் என்று சொன்னது மட்டும் அந்தக் கதையில் வராது. அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. தினமும் காலையில் ஊசி போட்டு, தட்டில் இட்லி வைத்துவிட்டு, "நான் யாரு?" என்று கேட்பேன். இவருக்கு அது விளையாட்டு. ஒரு நாள் "ஹெட்மாஸ்டர்" என்பார், ஒரு நாள் "குவாலிட்டி இன்ஸ்பெக்டர்" என்பார், நல்ல மனநிலையில் இருந்தால் "போலாரம் மகாராணி." எது சொன்னாலும் எனக்குப் போதும். அதற்குப் பிறகுதான் நான் என் காபியை எடுப்பேன்.

போன வாரம் ஒரு நாள் கேட்டேன். பதில் வரவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த சாம்பார்க் கிண்ணம் தரையில் விழுந்து அடுப்படி வரைக்கும் ஓடியது.

"என்னம்மா ஆச்சு? புதுசா ஒண்ணு யோசிச்சிட்டிருந்தேன், அதுக்குள்ள..." என்று சிரித்தபடி தலையைத் தூக்கினார்.

"சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "நான் யாரு?"

என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"என் பொண்டாட்டி" என்றார்.

நான் துணியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாம்பாரைத் துடைக்க ஆரம்பித்தேன். இவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அன்னைக்கு அந்த ரூமுக்குள்ள நான் உன்கிட்ட என்ன சொன்னேன்?"

"இட்லி ஆறுது. முதல்ல சாப்பிடுங்க" என்றேன்.